முறைமாப்பிள்ளையும் சிசிஎன்6 மரபணுவும்

ஒரு மரபு நோயில், ஐந்து வயதுவாக்கில் குழந்தையின் விரல் முட்டிகள் தடிக்கத் தொடங்கும். சில ஆண்டுகளில் இடுப்பும் முழங்காலும் இறுகி நடை தடுமாறும். முடக்குவாதம் என்று ஸ்டீராய்டு கொடுப்பார்கள், கேட்காது. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் பரிசோதனை இயல்பாகவே வரும், ஏனென்றால் இதில் அழற்சியே இல்லை. பழுது சிசிஎன்6 மரபணுவில் என்று 1999-இல் தெரிந்தது. விஸ்ப்3 என்பது அதன் பழைய பெயர். ஆறாவது குரோமோசோமில் இருக்கும் இது உண்டாக்கும் புரதத்தைச் செல்கள் வெளியே சுரக்கின்றன. உடல் உருவாகும்போது செல்களுக்கிடையே ஓடும் விண்ட், பிஎம்பி சமிக்ஞைகளை அது மட்டுப்படுத்துவதை 2007-இல் ஜீப்ரா மீன்களில் கண்டார்கள். வேடிக்கை, இந்த மரபணுவே இல்லாத எலிகள் நன்றாக ஓடியாடின. மனிதக் குருத்தெலும்புதான் அது இல்லாமல் தேய்ந்துபோகிறது.

தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் நோய் வரும். சொந்தத்தில் மணம் முடிப்பது இங்கேதான் விசாரணைக்கு வருகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இத்தகைய திருமணங்கள் நூற்றுக்குச் சுமார் 28. இந்திய அளவில் 11.

விருதுநகர், சிவகாசிப் பக்கம் இந்த வழக்கத்துக்கு வலுவான நியாயம் உண்டு. மாமியார் சொந்த அத்தையாக இருந்தால், பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆலைக்கோ தைரியமாகப் போகலாம். வெடிவிபத்தில் கணவன் கையிழந்தால் மருமகளைத் தாங்க ஆள் இருக்கும். நகைப் பேரமும் கொஞ்சம் அடங்கும். இதையெல்லாம் அறியாமை என்று ஒதுக்குகிறவர்கள் அந்த வீடுகளின் கணக்கை அறியாதவர்கள்.

ஆதரிப்பவர்கள் ஓர் ஆய்வையும் காட்டலாம். 1977-இல் வேலூர் சிஎம்சியின் ராவும் இன்பராஜும் வட ஆர்க்காட்டுக் குடும்பங்களை ஆராய்ந்தபோது உறவில் மணந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே கருவிழப்பில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. தலைமுறை தலைமுறையாக உறவில் மணந்ததால் கெட்ட மரபணுக்கள் கழிந்துபோயிருக்கலாம் என்றார்கள். ஆனால் கருவையும் பிரசவத்தையும் எண்ணும் கணக்கில், ஐந்து வயதில் தொடங்கி உயிரையும் எடுக்காத நோய் எப்படிச் சிக்கும்?

வேறு கணக்கு போடுவோம். மணமகனிடம் பழுதான பிரதி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணப்பெண் அக்கா மகளானால் அதே பிரதி அவளிடம் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகளானால் எட்டில் ஒன்று. நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு முறையே 16-இல் ஒன்று, 32-இல் ஒன்று. முந்தைய தலைமுறைகளும் உறவுக்குள்ளேயே மணந்திருந்தால் இது இன்னும் ஏறும்.

எதிர்ப்பவர்களின் பிரசாரத்திலும் ஓட்டை உண்டு. 'சொந்தத்தில் வேண்டாம்' என்பவர்கள் 'சாதிக்குள் போதும்' என்று நிறுத்திக்கொள்கிறார்கள். 2017-இல் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு நிறுவனமும் ஹார்வர்டும் சேர்ந்து தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களை ஆராய்ந்தன. அவற்றில் 81 குழுக்கள், மரபு நோய்களுக்குப் பேர்போன பின்லாந்துக்காரர்களைவிடக் குறுகிய மூதாதையர் வட்டத்திலிருந்து வந்தவை. சாதிக்குள் மணப்பதும் பல இடங்களில் தூரத்துச் சொந்தத்தில் மணப்பதுதான்.

என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. அக்கா மகளைக் கட்டுவது போதும், நிறுத்திவிடலாம். ஆபத்து இரட்டிப்பு, வயது வித்தியாசமும் அந்தப் பெண்ணின் சம்மதமும் வேறு கேள்விக்குறி. மாமன் மகள், அத்தை மகன் உறவைத் தடைபோட்டு ஒழிக்கத் தேவையில்லை. ஆனால் சொந்தத்தில் ஏதாவதொரு பிள்ளைக்கு விரல் முட்டி தடித்து, இரத்தத்தில் வாதம் தெரியவில்லையென்றால், அந்தப் பிள்ளைக்கு மரபணுப் பரிசோதனை செய்யுங்கள். பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு ஓர் இரத்தப் பரிசோதனை போதும். அதைப் பரிசத்துக்கு முன்பே செய்துவிடுங்கள்.