கைப்பேசியும் கட்சிக் கொடியும்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி, மூதறிஞர் இராஜாஜி 1878-ஆம் ஆண்டில் பிறந்த ஊர். அவர் பிறந்த வீடு நினைவில்லமாகப் போற்றப்படுகிறது. அச்சிற்றூர் இருக்கும் வட்டாரமோ இன்று தொழிற்சாலைகளின் வட்டாரம். ஓசூர்ப் பகுதியில் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஐபோனுக்கான புறக்கூடுகளைச் செய்கிறது. எல்லை தாண்டினால், கோலார் மாவட்டத்து நரசாபுராவில், விஸ்ட்ரான் நிறுவனத்திடமிருந்து டாட்டா குழுமம் 2023-இல் வாங்கிய ஆலையில் ஐபோன்கள் முழுமை பெறுகின்றன. எந்தப் பொருளின் பெயரால் உலகத்து இளைஞர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து வழக்காடுகின்றனரோ, அந்தப் பொருள் உருவாகும் மண் இது. அந்த வழக்கின் நியாயத்தை எடைபோட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறு ஏது?

அணிகள் இரண்டென்றோம். ஒன்று ஆப்பிளின் அணி. 2007-இல் ஐபோனை வெளியிட்ட அந்நிறுவனம் தன் இயங்குதளத்தைத் தான் செய்யும் கைப்பேசிக்கு மட்டுமே தரும். மற்றொன்று கூகுளின் ஆண்ட்ராய்டு அணி. 2008-இல் சந்தைக்கு வந்த அந்த இயங்குதளத்தைச் சாம்சங் முதலாகப் பல நிறுவனங்கள் தத்தம் கைப்பேசிகளில் ஏற்றி விற்கின்றன. நம் நாட்டில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டே. இவ்வளவோடு நின்றிருந்தால் இது வெறும் வியாபாரச் செய்தி. ஆனால் ஐபோன் வைத்திருப்பவன் பகட்டுக்காரன் என்று ஒருவரும், ஆண்ட்ராய்டு வைத்திருப்பவன் வக்கற்றவன் என்று மற்றவரும் ஏசிக்கொள்வதைக் கல்லூரி விடுதியில் கேட்கிறோம். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பியரிடையிலும் கேட்கிறோம். மாப்பிள்ளைக்குத் தரும் பரிசு எந்த அணியைச் சேர்ந்தது என்று பார்க்கும் கண்களும் உண்டு. கைப்பேசி கருவியாக இருந்த நிலை மாறிக் கட்சிக் கொடியாகிவிட்டது.

இந்த மனநிலைக்கு வியாபார உலகம் சூட்டியிருக்கும் பெயர் 'விசுவாசம்'. அச்சொல்லைத்தான் நாம் முதலில் விமர்சிக்க விரும்புகிறோம். நம் இல்லங்களில் விசுவாசம் என்பது எளிதில் உதிர்க்கும் சொல்லன்று. அது ஈமானைக் குறிக்க வழங்கிய சொல். உயிரையும் உடைமையையும் ஈடு வைக்கத் துணியும் உறுதியைச் சுட்டும் சொல். மேலும், விசுவாசம் என்றால் இரு பக்கமும் கடமை உண்டு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது உப்பு இட்டவர் ஒருவர் இருப்பதால் பிறந்த நெறி. கைப்பேசிக் கடையில் யார் யாருக்கு உப்பு இட்டனர்? விலை கொடுத்தவர் நாம். கொடுத்தவரே நன்றிக்கடன் பட்டவராக நிற்பது எவ்வாறு முறையாகும்?

இந்த விசுவாசம் தானாக முளைத்ததா என்று ஆராய்ந்தால் வேலியும் பூட்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆப்பிளின் செய்திப் பரிமாற்றச் செயலியை ஆண்ட்ராய்டிலும் கிடைக்கச் செய்யலாமா என்ற பேச்சு அந்நிறுவனத்தினுள் 2013-இல் எழுந்தது. அவ்வாறு செய்தால், ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித் தர இருக்கும் ஒரு தடை நீங்கிவிடும் என்று அதன் மென்பொருள் பிரிவின் மூத்த அதிகாரி கிரேக் ஃபெடரிகி கவலை தெரிவித்தார். எபிக் என்னும் விளையாட்டு நிறுவனம் தொடுத்த வழக்கில், 2021-இல் இச்செய்தி வெளிப்பட்டது. 2022-இல் பொது மேடையொன்றில், தன் தாயாருக்குச் சில காணொளிகளைச் சரிவர அனுப்ப முடியவில்லை என்று ஒருவர் முறையிட்டபோது, தாயாருக்கும் ஓர் ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்றார் ஆப்பிளின் தலைவர் டிம் குக். நகைச்சுவையாகவே சொன்னார் எனினும் அதனுள் இருந்த கணக்கு நகைச்சுவையன்று. மகன் தாய் மீது கொண்ட பாசமே வேலியின் கம்பியாக்கப்பட்டது. நம் நாட்டில் இரு அணியினரும் வாட்ஸ்அப்பிலேயே பேசிக்கொள்வதால் அந்தக் கம்பி இங்கே அவ்வளவாகக் குத்தவில்லை.

அப்படியாயின் எதிரணி தூயதோ? அதுவுமன்று. ஆண்ட்ராய்டு திறந்த வீடு என்பார்கள். அந்தத் திறந்த வீட்டில் தன் செயலிகளையே முன்கூட்டி நிறுவவேண்டும் என்று கைப்பேசி செய்வோரை நெருக்கியது முதலிய குற்றங்களுக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆணையத்தின் கட்டளைகள் சிலவற்றை நீக்கிய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அபராதத் தொகையை மட்டும் 2023 மார்ச்சில் உறுதி செய்தது.

தெருவில் தொண்டர்கள் மோதிக்கொள்ள, தலைவர்கள் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதை அரசியலில் கண்டிருக்கிறோம். இங்கும் அதே காட்சிதான். ஐபோனில் கூகுளின் தேடுபொறியே முதலில் நிற்கவேண்டும் என்பதற்காக, 2022-இல் மட்டும் ஏறத்தாழ 2,000 கோடி டாலரைக் கூகுள் ஆப்பிளுக்கு வழங்கியதாக அமெரிக்க நீதிமன்ற ஆவணங்கள் தெரிவிக்கின்றன. 2017-இல் வந்த ஐபோன் பத்தின் ஒளித்திரையைச் செய்து கொடுத்தது, அதன் கடும் போட்டியாளர் எனப்படும் சாம்சங். மின்னேற்றும் வடத்தின் கதையும் இத்தகையதே. 2012 முதல் ஆப்பிள் கையாண்ட தனிவகை முனையே மேலானது என்று அதன் அன்பர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டனர். ஐரோப்பியச் சட்டம் நெருக்கவே, 2023-இல் ஆப்பிளே அதைக் கைவிட்டு, ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இருந்த பொது முனைக்கு மாறியது. வாதிட்டவர்களின் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

இதற்கு மேலும் சான்று வேண்டுமெனில் நோக்கியாவை நினைவு கூர்வோம். அந்தப் பெயரைத் தவிர வேறொன்றைத் தொடமாட்டேன் என்றிருந்த குடும்பங்கள் தமிழகத்தில் எத்தனையோ! 2006-இல் திருப்பெரும்புதூரில் இயங்கத் தொடங்கிய அதன் ஆலை, உலகின் பெரிய கைப்பேசி ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. கைப்பேசித் தொழில் 2014-இல் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது, வரி வழக்கில் சிக்கிய அந்த ஆலை விற்பனையில் சேராது தனித்து நின்றது. அவ்வாண்டு நவம்பரில் அங்கு உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளந்தொழிலாளர்கள், அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், வேலை இழந்தனர். அந்தப் பெயர் தாங்கி வந்த விண்டோஸ் கைப்பேசித் தளமும் பின்னர் மறைந்தது. பிளாக்பெர்ரியின் பழைய கைப்பேசிகளுக்கான சேவை 2022 ஜனவரியில் முடிவுற்றது. வாங்கியவர்கள் விசுவாசமாய் இருந்தார்கள். விற்றவர்கள் கணக்கை முடித்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு மறுப்புரை எழலாம். பழகிய கருவியை விரும்புவது தவறா என்று கேட்கலாம். தவறேயன்று. கண் மங்கிய முதியவருக்கு, பத்தாண்டுகள் தொட்டுப் பழகிய திரையை மாற்றுவது வீட்டின் வாசலை இடம் மாற்றுவதற்கு ஒப்பாகும். வாங்கிய பொருள் நெடுநாள் உழைத்தால் அதே நிறுவனத்தை மீண்டும் நாடுவதும் அறிவுடைமையே. ஆனால் அதற்குப் பெயர் பழக்கம் அல்லது அனுபவ நம்பிக்கை. சான்று மாறினால் அதுவும் மாறும். சான்று மாறிய பின்னும் மாறாது நின்று, பிறரை இழித்துரைக்கத் தூண்டுவதைத்தான் நாம் மறுக்கிறோம்.

ஆகவே, கைப்பேசி வாங்கப் புறப்படும் குடும்பம் கொடியைப் பாராது குணத்தைப் பார்க்கட்டும். பாதுகாப்பு மேம்பாடுகள் எத்தனை ஆண்டுகள் வரும்? கூகுள் 2023-லும் சாம்சங் 2024-லும் தம் உயர்விலைக் கைப்பேசிகள் சிலவற்றுக்கு ஏழாண்டுகள் என உறுதி கூறின. மலிவு விலைக் கைப்பேசிகளுக்கு அந்தக் காலம் பெரும்பாலும் குறைவு. திரை உடைந்தாலோ பேட்டரி தளர்ந்தாலோ மாற்ற என்ன செலவாகும்? பழுது பார்ப்பவர் அருகில் உண்டா? நாளை வேறு தளத்துக்கு மாறினால் பிள்ளைகளின் படங்கள் உடன் வருமா? வட்டியைத் தவிர்க்க விழைவோர், தவணைத் தாளின் சிற்றெழுத்துக்களையும் படித்துவிட்டே கையெழுத்திட வேண்டும். இவற்றுக்கு நேரிய விடை கிடைத்த பின் எந்த அணியின் கைப்பேசியை வாங்கினாலும் குறையில்லை.

தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, தாம் வாழ்வின் பெரும்பகுதியை ஈந்த காங்கிரஸை எதிர்த்து, எண்பது வயதில், 1959-இல், சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். 1967 தேர்தலில் அறிஞர் அண்ணாவோடும் கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத்தோடும் ஓரணியில் நின்றார். அவர் முடிவுகள் சரியா, தவறா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் கொடியைவிடக் கருத்தே பெரிதென்று அவர் நடந்தார் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. நாட்டை ஆளும் கட்சியையே இவ்வாறு சீர்தூக்கிப் பார்க்கலாம் எனில், சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசியைச் சீர்தூக்கக் கூடாதோ?

நாம் விசுவாசத்தை வேண்டாமென்று சொல்லவில்லை. அதனை உரிய இடத்தில் வைக்கச் சொல்கிறோம். ஆப்பிளுக்காகவும் சாம்சங்குக்காகவும் வழக்காடும் நேரத்தில் ஒரு பங்கையேனும், ஆலைப் பேருந்தில் விடியுமுன் ஏறிச் சென்று அக்கைப்பேசிகளைச் செய்யும் பெண்மக்களின் கூலியைப் பற்றியும் நலத்தைப் பற்றியும் கேட்கச் செலவிடுவோமாக. நிறுவனம் நம்மை நினைவில் வைப்பதெல்லாம் வாங்குவோர் பட்டியலில் ஒரு வரியாகவே. அந்தப் பெண்களோ, நம் அண்டை வீட்டார்.