டூப்ளிகேட் என்று மூடப்பட்ட வாடிக்கையாளர்

1998-ல் மோஸில்லாவுக்காக எழுதப்பட்ட பக்ஸில்லா, மென்பொருள் பிழைகளைப் பட்டியல் போட்டுத் தீர்க்க உருப்படியான கருவி. அதில் சந்தேகமில்லை. இலவசமாச்சே, ரெண்டு ஃபீல்டு சேர்த்து வாடிக்கையாளர் புகாருக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம்னு கிளம்பும்போதுதான் வம்பு.

பிழை ஒன்று, புகார் சொன்னவர்கள் இருபது பேர் என்று வையுங்கள். பக்ஸில்லா வழக்கப்படி பத்தொன்பதை 'டூப்ளிகேட்' என்று மூடிவிடலாம். புரோகிராமருக்குச் சரிதான், திருத்தவேண்டியது ஒரே இடம். ஹெல்ப்டெஸ்க் ஆளுக்கோ இருபது பேருக்கும் பதில் பாக்கி. போதாக்குறைக்கு, மூடப்பட்டவரின் பெயர் மூலப் பதிவின் சிசி பட்டியலில் தானாகவே ஏறிவிடும். அப்புறம் புரோகிராமர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்வதெல்லாம் அவர் மெயிலுக்கு வரும்! 'வொர்க்ஸ்ஃபார்மீ' என்று இன்னொரு முடிவு இருக்கிறது. எனக்கு நல்லாத்தானே ஓடுதுன்னு காசு கொடுத்தவரிடம் எந்தக் கடைக்காரராவது சொல்வாரா?

பெயர்களை மாற்றிவிடலாம். ஆனால் எண்ணப்படுவது பிழைதான், ஆள் இல்லை. 2002-ல் வந்த ஜிராவே 2013-ல்தான் சர்வீஸ் டெஸ்க்கைத் தனியாகக் கொண்டுவந்தது. அதில் வாடிக்கையாளருக்குப் போகும் பதில் வேறு, உள்ளுக்குள் எழுதும் குறிப்பு வேறு.

பக்ஸில்லாவிலும் வழி உண்டு. பிழைக்குத் தனிப் பதிவு போட்டு, இருபது புகாரையும் 'டிபெண்ட்ஸ் ஆன்' மூலம் அதோடு கட்டிவைத்துத் திறந்தே விடலாம். நான் பார்த்த அலுவலகங்களில் யாரும் அப்படிச் செய்யவில்லை. திறந்திருக்கும் டிக்கெட் எண்ணிக்கை ஏறினால் மேனேஜர் கூப்பிட்டுக் கேட்பாரே.