பட்டம் முந்தியா, வகுப்பறை முந்தியா?

தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் நடத்துவதற்கான தகுதி சிறியதல்ல. 2019இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 814 கணினிப் பயிற்றுநர் பணியிடங்களுக்கு ஆள் எடுத்தபோது, கணினித் துறையில் முதுகலைப் பட்டமும் கூடவே பி.எட்.டும் கேட்டது. இளங்கலைக்கு 3 ஆண்டு, முதுகலைக்கு 2, பி.எட்.டுக்கு 2 என 7 ஆண்டுப் படிப்பை முடித்துவிட்டுத்தான் போட்டித் தேர்வுக்கே உட்கார முடியும்.

இலங்கையில் வரிசை மாறுகிறது. அங்கே பட்டதாரி ஒருவர் போட்டிப் பரீட்சை, நேர்முகம் வழியாக ஆசிரியர் சேவைக்குள் வந்துவிடலாம். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைப் பெரும்பாலோர் வேலையில் இருந்துகொண்டே, வார இறுதி வகுப்புகளுக்குப் போய் முடிக்கிறார்கள். இன்னொரு வழி தேசிய கல்வியியற் கல்லூரி. பள்ளி இறுதியான உயர்தரப் பரீட்சையின் பெறுபேற்றோடு நுழைபவருக்கு அங்கே 3 ஆண்டு. அதில் கடைசி ஆண்டு முழுவதும் ஒரு பாடசாலையிலேயே உள்ளகப் பயிற்சி.

என் கண்ணுக்கு அந்த ஓராண்டுதான் இரு நாட்டு ஏற்பாடுகளிலும் மிகச் சிறந்த பகுதி. நம் பி.எட்.டில் பள்ளியில் கழியும் காலம் 20 வாரம். அது போதாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: பிளஸ் டூ கணினிப் பாடத்தில் இப்போது பைத்தான் நிரல்மொழி இருக்கிறது. வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி பிசகினாலும் நிரல் ஓடாது. திரையில் வரும் பிழைச் செய்தியோ ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்த பிள்ளை அதைப் பார்த்ததும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவாள். அவள் அருகில் நின்று, விடையைச் சொல்லாமல், எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் காட்டுவது ஒரு தனித் திறன். முதுகலை வகுப்பில் அதை யாரும் சொல்லித்தருவதில்லை.

ஆனால் பயிற்சிக்கு முன்பே வேலை என்ற இலங்கை வழக்கத்துக்கு மாணவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியது. 2015இல் முதல் அணி பரீட்சை எழுதியது. பொறியியல் தொழில்நுட்பவியல், உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் என்று பாடங்கள் வந்துவிட்டன. அவற்றுக்கென்றே பட்டம் பெற்றவர்கள் அப்போது இல்லை. வேறு பாடங்களில் பழகியவர்களே குறுகிய பயிற்சியோடு சமாளிக்க வேண்டியிருந்தது. கடைசல் இயந்திரத்தில் கை வைத்தே பார்க்காத ஒருவர் அதைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினால், அது தொழில்நுட்பக் கல்வியே ஆகாது.

தமிழ்நாட்டின் சிக்கல் நேர் எதிரானது. படித்தவர்கள் இருக்கிறார்கள், இடம் இல்லை. அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை கணினி தனிப்பாடம் ஆகவில்லை; ஆசிரியர் தகுதித் தேர்விலும் அதற்கென ஒரு தாள் கிடையாது. கணினி அறிவியலில் இளங்கலையும் பி.எட்.டும் முடித்தவருக்கு அரசுப் பள்ளியில் நிரந்தர ஆசிரியர் பணிக்கான கதவு திறப்பதில்லை. அந்தப் படிப்பைக் கல்லூரிகளில் நடத்த அனுமதித்துவிட்டு, முடித்து வந்தவரை வெளியே நிறுத்துவது பெரிய அநியாயம்.

பட்டத்தையும் வகுப்பறைப் பயிற்சியையும் இணைப்பதை இந்தியா முன்பே யோசிக்காமலும் இல்லை. 1960களில் மைசூரு உள்ளிட்ட நான்கு ஊர்களில் வட்டாரக் கல்வியியல் கல்லூரிகளைத் தொடங்கியபோது, தொழில்நுட்பத்தையும் கற்பிக்கும் கலையையும் சேர்த்தே தரும் நான்காண்டுப் பட்டமும் திட்டத்தில் இருந்தது. பின்னாளில் அது கைவிடப்பட்டது. இலங்கையில் இரத்மலானைத் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் அதே எண்ணத்தில் ஒரு கல்வியியல் தொழில்நுட்பப் பட்டம் நடத்துகிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. வடக்கின் பாடசாலைகளுக்கு வேண்டிய ஆசிரியர்களை அங்கேயே உருவாக்க, பட்டத்தின் கடைசி ஆண்டில் பாடசாலைப் பயிற்சியை ஒரு தெரிவாகச் சேர்த்தாலே நல்ல தொடக்கம். தமிழ்நாடோ ஆறாம் வகுப்பிலிருந்து கணினியைப் பாடமாக்கி, இளங்கலையும் பி.எட்.டும் படித்தவர்களை அந்த வகுப்புகளுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். முதுகலை கேட்பதை மேல்நிலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.