நாவிழந்த நங்கை

இடைக்கு மேல் எழில் மங்கை. இடைக்குக் கீழ் மீன். கடற்கன்னி என்று கலைஞர்கள் காலமெல்லாம் தீட்டிவந்த உருவம் இது. கடலில் அப்படியோர் உயிர் இல்லை. 1493 ஜனவரியில் கடற்கன்னியர் மூவரைக் கண்டதாகக் குறித்து வைத்த கொலம்பஸ், ஓவியத்தில் காண்பதுபோல் அவர்கள் அழகாக இல்லையே என்று குறைப்பட்டும் கொண்டார்! அவர் கண்டது கடற்பசு இனத்து விலங்கு என்பதே அறிவியலார் கருத்து.

இல்லாத உயிரைப்பற்றி ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். கன்னி கற்பனைதான். அவளைக் காட்டிப் பெண்ணுக்கு வகுத்த இலக்கணமோ வீட்டிலும் வீதியிலும் இன்றும் நடமாடுகிறது.

டென்மார்க் நாட்டு எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837-இல் வெளியிட்ட ‘சின்னக் கடற்கன்னி’ கதையைப் பாருங்கள். புயலில் மாளவிருந்த இளவரசனைக் காத்துக் கரை சேர்க்கிறாள் கடலரசன் மகள், காதலும் கொள்கிறாள். நிலத்தில் நடக்கக் கால் வேண்டிச் சூனியக்காரியிடம் செல்கிறாள். கேட்ட விலை என்ன? பொன்னா? முத்தா? இல்லை; அவளது நாக்கு! நாவை அறுத்துக் கொடுத்துக் கால்களைப் பெற்றாள். அடியெடுத்து வைக்கும்தோறும் கத்திமேல் மிதித்த வேதனை. அந்த வேதனையோடு ஆடுகிறாள், அரண்மனை களிக்கிறது. ‘உன்னைக் காத்தவள் நானே’ என்று சொல்ல நாவில்லை. காத்தவள் வேறொருத்தி என்றெண்ணி அவளையே மணக்கிறான் இளவரசன். அவனைக் கொன்று மீளக் கத்தி கிடைத்தும், அதைக் கடலில் வீசிவிட்டு நுரையாகிறாள் நங்கை.

உருக்கமான கதை, மறுக்கவில்லை. ஆனால் எதற்காக நம்மை உருகச் சொல்கிறது? வாய் திறவாமல் வலி பொறுப்பதே பெண்ணின் பெருமை என்பதற்காக! ஆடவன் ஒருவன் மணந்தால்தான் அவளுக்குச் சாகாத ஆன்மா கிட்டுமாம். ஆன்மா உண்டா இல்லையா என்பது தனி வழக்கு. ஒருத்திக்கு அது கணவன் கைவழியே வரவேண்டும் என்பது எந்த ஊர் நீதி?

ஆண்டர்சனுக்கும் இந்த உறுத்தல் இருந்தது. 1811-இல் ஃபூக்கே எழுதிய ‘உந்தீன்’ கதையில் நீர்மகள் திருமணத்தால் ஆன்மா பெற்றாள். ஆண்டர்சனோ, தம் நாயகி காற்றின் மகளாகி, 300 ஆண்டுகள் நற்செயல் புரிந்து தானே அதை ஈட்டலாம் என்று முடித்தார். கணவன் தயவு தேவையில்லை என்ற அளவில் அது முன்னேற்றமே. ஆயினும் உரிமைக்கான வழி அவள் மாண்ட பிறகே திறக்கிறது! இழந்த குரலும் அதன் பிறகே மீள்கிறது.

கோபன்ஹேகன் துறைமுகத்தில், 1913 முதல் ஒரு பாறைமேல் இவள் வெண்கலச் சிலையாக வீற்றிருக்கிறாள். வடித்தவர் எட்வர்ட் எரிக்சன். முகத்துக்கு மாதிரியானவர் நடனமணி எல்லென் பிரைஸ். ஆடையின்றி அமர அவர் மறுத்துவிட்டதால், உடலுக்குச் சிற்பியின் மனைவி எலீனா மாதிரியாக அமர்ந்தார். ‘மாட்டேன்’ என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். கதைத்தலைவியால் சொல்ல முடியாத சொல் அது!

1964-இல் அச்சிலையின் தலையை யாரோ அறுத்துச் சென்றனர். உலகெங்கும் செய்தியாயிற்று, புதுத்தலை பொருத்தினர். வெண்கலத் தலைக்கு அவ்வளவு பதற்றம்! கதையில் நாவை அறுத்தபோதோ, ‘ஆகா, என்ன தியாகம்!’ என்றனர்.

இளைஞர்களே! கலைஞன் கடற்கன்னியைப் பாடட்டும், தீட்டட்டும், செதுக்கட்டும். கற்பனைக்கு விலங்கிடச் சொல்லவில்லை. ஊமைத்தனத்தை அழகென்றும் ஊனத்தைக் கற்பென்றும் அவள்மேல் ஏற்றும்போது, ‘அவள் நாக்கு எங்கே?’ என்று கேட்க வேண்டியது நம் கடமை. கதைக்கு மட்டுமன்று, நம் இல்லங்களுக்கும் பொருந்தும் கேள்வி அது.