பொச்சாப்பு: குற்றமோ, மெய்ப்பாடோ?

படாளத்திலிருந்து நாள்தோறும் புகைவண்டியேறி வந்து பயின்ற ஆய்வு மாணவி ஒருவரின் இயல்தாளில், ‘பொச்சாப்பு மிகுதி, திருத்துக’ என யாம் முன்னொருகால் எழுதினோம். அடிக்குறிப்புகள் இடையிலே நின்றிருந்தன. தொடங்கிய வாக்கியங்கள் முடிவுறவில்லை. தமக்கு இளமை தொட்டே கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு உண்டென்றும், மாதப் பூப்புக்கு முந்திய ஒரு கிழமை அது பன்மடங்காகிச் சினமும் கண்ணீரும் உடன்வருமென்றும் அவர் பின்னர்க் கூறினார். யாம் எழுதிய சொல் பொருந்துமா என்னும் ஐயம் அன்று எழுந்தது.

பொச்சாப்பைக் கடிவது திருக்குறளின் 54-ஆம் அதிகாரம். ஆயின் ஆண்டுக் கடியப்படுவது உவகை மிகுதியால் வரும் மறதியே. பரிமேலழகரும் மகிழ்ச்சியையே காரணமாகக் காட்டுவர். துயரால் சிதறும் நெஞ்சுக்கு அதனை ஏற்றியுரைத்தல் பொருந்தாவுரையாம். 605-ஆம் குறளோ காலந்தாழ்த்தல், மறதி, சோம்பல், உறக்கம் ஆகிய நான்கினையும் கெடுவார் விரும்பியேறும் மரக்கலமாக உருவகிக்கின்றது. விரும்பி என்பதே ஈண்டு உயிர்நிலை. விருப்பமில்வழிக் குற்றமும் இல்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் நெறி வேறு. முனிதல், மடிமை, விரைவு, இடுக்கண், பொச்சாப்பு என்பன அன்பு, அருளல் முதலியவற்றோடு ஒரே நூற்பாவில் நிரல்பட நிற்கின்றன. பழிப்பு ஒருசொல்லும் இல்லை. பேராசிரியர் பொச்சாப்பைப் பாதுகாத்துச் செல்லும் பொருளில் இகழ்ச்சியால் இடையறவுபடுதல் என விளக்குவர். இடையறவு என்பது மாணவியின் நிலைக்கு வியக்கத்தக்க பொருத்தமுடையது. இகழ்ச்சி என்பதில் குறளின் நிழல் படிந்தது போலும். தொல்காப்பியர் இந்நோயை அறிந்திருந்தார் என யாம் கூறவில்லை. அத்தகைய பெருமைபேசல் ஆராய்ச்சியாகாது.

மருத்துவருலகில் ராபர்ட் ஃபிராங்க் பூப்புக்கு முந்திய இறுக்கத்தைப் பற்றி எழுதியது 1931-இல். அதன் கடுமையான வடிவம் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் தனி நோயாக இடம்பெற்றது 2013-இல். பூப்பு நெருங்குங்கால் ஈஸ்ட்ரோஜன் தாழ்கின்றது. கவனத்தைத் தாங்கும் டோபமைனின் இயக்கமும் அதனொடு தளர்தல் கூடும் என்பர்.

நம் நூல்களோ பூப்புத் தொடங்கிய பின்னரே நாளெண்ணுகின்றன. கற்பியல் பூப்பின் பின்னர்ப் பன்னிரு நாளைக் குறிக்கும். உரையாசிரியர் நோக்கம் கருவுறுதலே. பொன்முடியாரின் புறநானூற்றுப் பாட்டு (299) பூப்புற்ற மகளிர் முருகன் கோட்டத்தில் அஞ்சி ஒதுங்குதலை உவமையாக்குகின்றது. அவ்வச்சத்தை மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி சித்தர் பீடம் நீக்கிற்று. படாளத்திற்குத் தெற்கே, மதுராந்தகம் கடந்து உள்ள அவ்விடத்தில் பூப்புக் காலத்தும் மகளிர் வழிபடுகின்றனர். விலக்கும் விடுதலையும் அந்நாட்களைப் பற்றியனவே. முந்திய கிழமைக்கு வழக்கிலும் செய்யுளிலும் யாம் பெயர் கண்டிலேம்.

எம் குறிப்பை அடித்துவிட்டு ‘இடையறவு’ என எழுதிக்கொடுத்தோம். மெய்ப்பு நோக்கும் வேலையை மாணவி பூப்பின் பின்னர் வரும் பன்னிரு நாளுக்கு மாற்றிக்கொண்டார்.