இசைத்தட்டும் இசை கேட்போனும்

பழைய இசைநூலார் சுருதியைக் கேள்வி என்றும் வழங்கினர். பாடுவோன் மிடற்றில் எழுவதொன்றுக்குக் கேட்போன் செவியைக் கொண்டு பெயரிட்டமை சிந்திக்கத்தக்கது. இயந்திரத்தால் இசை கெட்டதா, வளர்ந்ததா என்று வழக்காடுவோர் பலர். கேட்போன் என்ன ஆனான் என்று வினாவுவோர் சிலரே. அவ்வினாவையே ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

எடிசன் 1877ஆம் ஆண்டிலே ஒலியைப் பதிந்து மீட்டுங் கருவியை அமைத்தார். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1902இல், கெய்ஸ்பர்க் என்பார் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோர் பாடல்களைத் தட்டுகளிற் பதிந்தார். அத்தட்டுகள் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடுவன. இரவு முழுதும் விரிய வல்ல இராகம் அம்மூன்று நிமிடத்துள் ஒடுங்கவேண்டியதாயிற்று. இவ்வெல்லையை வகுத்தது இசையிலக்கணமன்று. தட்டின் அகலமும் அது சுழலும் வேகமுமே. ஆயினும் ஒரு தலைமுறை கழிவதற்குள் இவ்வெல்லை இரசிகரின் செவியிலே பதிந்துவிட்டது. பல்லவியை விரைந்து எட்டுவதே பாட்டு என்னும் எண்ணம் பரவிற்று.

திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையவர்களின் தோடியை எடுத்துக்கொள்வோம். கோயில் வீதியிலே நாழிகைக் கணக்காக அவர் வாசித்த தோடி வேறு. தட்டிலே பதிந்த தோடி வேறு. முன்னையது அவ்வவ் விரவோடு கழிந்தது. பின்னையது அவர் 1956இல் மறைந்த பின்னரும் நம்மிடையே வாழ்கின்றது. அவரைக் கண்ணாற் கண்டறியாத நாம் அவரது தோடியை அறிந்தது இயந்திரத்தின் கொடையே. இதனை மறுப்பது நன்றி கொன்றதாகும். ஆனால், ஒரே தட்டை நூறு முறை கேட்டவன், அடுத்து வரும் பிடி இதுவென முன்னரே அறிவான். மனோதர்மமாக ஒரு கணத்திற் பிறந்த ஒன்று அவனுக்கு மனப்பாடமாகிவிடுகின்றது. பின்வந்த வித்துவான் வேறொரு வழியிலே தோடிக்குட் புகுவானாயின், அதனைப் பிழையென்று கொள்ளும் இரசிகரும் உளர். தட்டு நமக்கு ஒரு தோடியைத் தந்தது. பல தோடிகளைக் கேட்கும் பொறுமையைச் சிறிது குறைத்தது.

ஒலிவாங்கியின் கதை இத்துணைக் கசப்பானதன்று. ஒலிவாங்கி கொண்டு தட்டுப் பதியும் முறை 1925இலே வழக்கிற்கு வந்தது. அதன்பின் மென்குரலாருக்கும் அரங்கிற் சிறந்த இடங் கிடைத்தது; வயலினும் கடைசி வரிசை வரை கேட்டது. கிட்டப்பாவைப் போன்று உச்சக்குரலிற் பாடினாலன்றி நாடகக் கொட்டகையிற் செவிக்கெட்டாது என்ற நிலை மாறிற்று. ஆனால், திறந்த வெளிக்கென்றே அமைந்த நாதசுரத்துக்கும் தவிலுக்கும் ஒலிபெருக்கி எதற்கு? யாழ்ப்பாணத்துத் திருவிழாக்களிலே இவ்விரண்டையும் மேலும் பெருக்கிக் காதை அடைக்கச் செய்வதைப் பக்தி என்பதா, பகட்டு என்பதா?

இனி, எம்மை வியப்பிலாழ்த்துஞ் செய்தி ஒன்றுண்டு. ஒரு பக்கமே இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் நெடுந்தட்டு 1948இல் வந்தது. ஒலிநாடாப் பேழை 1963இலும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் குறுந்தட்டு 1982இலும் வந்தன. இன்றோ கைத்தொலைபேசியிலே எல்லையென்பதே இல்லை. இயந்திரம் விதித்த தடை நீங்கியபின் இராகம் மீண்டும் விரிந்திருக்க வேண்டுமன்றோ? நிகழ்ந்தது வேறு. இணையவழி இசைச் சேவையாகிய ஸ்பொட்டிஃபை 2008இலே தொடங்கிற்று. ஒருவர் ஒரு பாட்டை முப்பது விநாடியேனுங் கேட்டாற்றான் அச்சேவையிலே அது கேட்கப்பட்டதாகக் கணக்கிடப்படும். ஆகவே அந்த முப்பது விநாடிக்குள் செவியைப் பற்றுவதே மெல்லிசை செய்வோரின் கவலையாயிற்று. முன்னர் எல்லை கருவியில் இருந்தது; இப்பொழுது அது கேட்போனிடங் குடியேறியுள்ளது.

சபையிலே அமர்ந்தவன் பாடகன் தடுமாறும்போது எழுந்தோட இயலாது. முதற் பத்து நிமிடம் குரல் இசையாது வருந்திய பாடகன், பதினோராம் நிமிடத்திலே கலியாணியின் உள்ளே புகுந்துவிடுதல் கச்சேரி கேட்போர் கண்ட அனுபவம். விரலால் தள்ளிவிடும் வசதி பெற்றவனுக்கு அப்பதினோராம் நிமிடம் வருவதேயில்லை. பழைய கிராமபோனுக்கு வில்லை முறுக்கி, ஊசியை மாற்றி, தட்டைத் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. அத்தொல்லையை அக்காலத்தார் விரும்பினர் என்று கூற யாம் துணியோம். எனினும், உழைத்துக் கேட்டமையால் முழுதுங் கேட்டனர்.

இதுகொண்டு பழமைக்கு மீளுக என்பாருடன் யாம் உடன்படோம். அக்காலத்திலே கிராமபோன் செல்வர் இல்லத்துப் பொருள். ஏழை மாணவன் தெருவில் நின்றே கேட்டான். இன்று அவன் அரியக்குடி இராமாநுஜ ஐயங்காரையும் கிட்டப்பாவையும் தன் வீட்டுத் திண்ணையிலிருந்து கேட்கலாம். இச்செல்வத்தை எவ்வாறு கேட்பது என்பதை அவனுக்குக் காட்டுவாரில்லாமையே குறை. நம் கல்லூரிகளிலே சங்கீத பாடம் சரளிவரிசையிலே தொடங்குகின்றது. அதற்கு முன் ஒரு மாதமேனும், வாரத்துக்கு ஓர் இராகமாக, ஆலாபனை முழுவதையும் இடையிற் பேசாது மாணவரைக் கேட்பித்தல் நன்று. அதற்கு வேண்டிய கருவி ஒவ்வோர் ஆசிரியரின் சட்டைப்பையிலும் இருக்கின்றது.