மூன்று மணி ஷிஃப்டும் ஒரு டாஸ்க் செயலியும்

பிற்பகல் மூன்று மணிக்கு, ஷிஃப்ட் மாறும் நேரத்தில், ஓரளவு பெரிய ஹோட்டலின் ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் நின்று பாருங்கள். செய்ய வேண்டிய வேலைகள் நான்கு இடங்களில் எழுதிக் கிடக்கும்: லாக் புக், மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் சீட்டு, வாட்ஸ்அப் குரூப், நிர்வாகம் காசு கொடுத்து வாங்கிய டாஸ்க் செயலி. இவற்றில் ஆள் அதிகம் எட்டிப் பார்க்காதது கடைசியாகச் சொன்னதுதான். பிள்ளைகளுக்கு டிரெய்னிங் போதவில்லை என்பார் மேனேஜர். கோளாறு திரையில் இருக்கிறது என்பது என் கணிப்பு.

214-ஆம் அறையிலிருந்து போன்: கீசரில் வெந்நீர் வரவில்லை. எதிரே இரண்டு பேர் பெட்டியோடு செக்-அவுட்டுக்கு நிற்கிறார்கள். செயலியைத் திறந்தால் எந்தத் துறை, என்ன வகைப் புகார், எவ்வளவு அவசரம், எத்தனை மணிக்குள் என்று வரிசையாகக் கேட்கிறது. அத்தனையையும் நிரப்பி முடிக்கும்வரை எதிரே நிற்பவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாது. முகம் பார்த்துப் பேசத்தானே மேசையில் நிற்கும் பெண்ணுக்குச் சம்பளம்? சீட்டில் ‘214 கீசர்’ என்று கிறுக்கிவிட்டு நிமிர்கிறார். அவர் நிலையில் யாரும் அதைத்தான் செய்வார்கள். கூட்டாக வேலை செய்வதற்கென்று எழுதப்படும் மென்பொருள்கள் ஏன் படுத்துவிடுகின்றன என்று ஆய்வாளர் ஜோனதன் க்ருடின் 1988-இல் எழுதிய கட்டுரை இதற்கு அப்படியே பொருந்தும். பதிவு செய்கிற உழைப்பு ஒருவருடையது, அதன் பலன் இன்னொருவருக்கு என்றார் அவர். இங்கே பலன் மாதக் கடைசியில் மேனேஜர் பார்க்கும் வண்ண வரைபடம்.

அதற்காகச் சீட்டே போதும் என்று சொல்லிவிட முடியாது. மூன்றாவது மாடியில் இருக்கும் ஹவுஸ்கீப்பிங் ஆளின் கண்ணுக்கு அது தெரியாது. வெளிநாட்டு விருந்தினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் அரசுக்கு அனுப்பியாக வேண்டும். ரிசப்ஷனில் இதற்குப் பழகிய பேர் ‘சி ஃபார்ம்’. இரவு இரண்டு மணிக்கு வந்தவரின் பாஸ்போர்ட்டை நைட் ஷிஃப்ட் நகலெடுத்து வைத்துவிட்டுப் போனால், மீதி வேலையைக் காலை ஷிஃப்ட்தான் நினைவு வைத்து முடிக்க வேண்டும். ஷிஃப்ட் தாண்டிப் போகும், கெடு வைத்த இந்த மாதிரி வேலைகளில் செயலியை அடிக்க ஆளில்லை. வாட்ஸ்அப்பில் போட்டிருந்தால் விடிவதற்குள் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போயிருக்கும். மேலே ஏழு பேர் கட்டைவிரல் வேறு போட்டிருப்பார்கள். பார்த்தாயிற்று என்பதற்கா, செய்கிறேன் என்பதற்கா?

இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதுதான் திரையின் முதல் வேலை. பெரும்பாலான செயலிகள் ‘முடிந்தது’, ‘முடியவில்லை’ என்ற இரண்டு நிலைகளைத்தான் பெரிதாகக் காட்டுகின்றன. மேசையில் நிற்பவருக்கு வேண்டியதோ, இந்த வேலையை இப்போது யார் கையில் எடுத்திருக்கிறார் என்பது. ஆய்வாளர் வெண்டி மெக்கே பாரிஸ் அருகே ஆதி-மோன் விமானக் கட்டுப்பாட்டு மையத்தைக் கவனித்து 1999-இல் எழுதியதில் இதற்கு நல்ல பாடம் உண்டு. விமானத்துக்கு ஒரு காகிதப் பட்டை. கவனிக்க வேண்டிய விமானத்தின் பட்டையை வரிசையிலிருந்து சற்று வெளியே இழுத்து வைப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் கேட்காமலே புரிந்துகொள்வார். அவ்வளவு மலிவான ஒரு சைகை திரையிலும் வேண்டும்: அறை எண், இரண்டு சொல், எடுத்துக்கொண்டவர் இனிஷியலில் ஒரு தட்டு. துறையும் வகையும் பிறகு ஓய்வாக இருக்கும்போது நிரப்பிக்கொள்ளலாம். நிரப்பாமலே விட்டாலும் கீசர் சரியாகும்.

இனிஷியல் என்று சொல்லக் காரணம் உண்டு. ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் காலையில் யாரோ போட்ட லாகினில்தான் நாள் முழுவதும் எல்லோரும் வேலை பார்க்கிறார்கள். ஆள் மாறும்போதெல்லாம் வெளியேறி உள்நுழைய நேரம் ஏது? அதனால் யார் செய்தது என்று செயலி காட்டும் பெயரில் பாதி பொய். கூடவே, ஒரு புகாரை எத்தனை நிமிடத்தில் முடித்தார்கள் என்று மேனேஜர் பார்க்கத் தொடங்கினால், ஆள் அறைக்குப் போய்ச் சேருமுன்பே ‘முடிந்தது’ விழுந்துவிடும். பத்து நிமிடத்தில் 214 மறுபடி கூப்பிடுவார்; அது கணக்கில் புதிய புகாராகப் பதியும்.

வாங்குவதற்கு முன் இந்தச் செயலிகளைக் கான்ஃபரன்ஸ் அறையில், காபியோடு, சோதித்துப் பார்க்கிறார்கள். பதினோரு மணி செக்-அவுட் நெரிசலில், காதில் போனோடு ஒருவரைத் தட்டச் சொல்லிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. செயலி அதில் தேறினாலும், கூடுதல் தலையணை கேட்டவருக்கு ஹவுஸ்கீப்பிங்கைப் போனில் கூப்பிடுவதுதான் சீக்கிரம். அதைச் செயலிக்குள் இழுக்கவே வேண்டியதில்லை.